கட்டிலோரத்துக் குரல்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். பாதி வார்த்தையில் வாய் கோணியது. நாற்காலியிலிருந்து வலது பக்கமாகச் சரிந்தார். மீதி வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும்.

பாகூர் பக்கம் எங்கள் ஊர். கரும்பும் கொஞ்சம் நெல்லும் போடுகிற குடும்பம். அவர் என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதை ஊரில் பெருமையாகவே பேசுவார்கள். அவருக்கு வாய் போதும். கரும்பு வெட்ட வந்த ஆட்கள் முன்னால், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், எங்கே நின்றாலும் நான் தண்டம், மூதேவி, சோத்துக்குப் பிறந்தவள்.

வில்லியனூர் தாண்டி ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு வரவில்லை. "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. ஞாபகம், படிப்பு எதுவும் போகல. நாக்கும் தொண்டையுந்தான் ஒத்துழைக்கல" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரி என்றால் பெண்கள் அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியை நிதானமாக மென்று சாப்பிட்டேன். வார்டு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நர்ஸ் பொண்ணு வந்து, கட்டில் கம்பியில் இருந்த இரும்புக் கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப்பை மாட்டினாள். அதைத் தொட்டால் அவர் பெயர் வந்தது. அன்றைக்கு எந்த டாக்டர் வருகிறார், என்ன மாத்திரை, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, மதியம் கஞ்சியா கூழா, எல்லாம் தமிழில் இருந்தது. டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்பலாம். எழுதியதை அதுவே வாசித்தும் காட்டும்.

"நோயாளியும் அவரோட வைத்தியத்துல பங்கெடுக்கணும்மா. அதுக்குத்தான் இது. ஐயாவுக்கு நீங்கதான் பழக்கிவுடணும்" என்றாள்.

நான்தான் பழக்கினேன். அவருடைய இடது கை விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். தவறாக அழுத்தினால் என்னை முறைத்தார். மகளுக்கு எழுத்துப் பழக்கிய பொறுமையோடு மறுபடி விரலைப் பிடித்தேன். ஒரு மத்தியான வேளையில் அவர் தானாகவே எழுதி, ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவளைப் போல ஒரு பெண் குரல், மரியாதையாக, தெளிவாகச் சொன்னது:

"மூதேவி. தண்ணீர் கொடு."

வார்டில் எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த கட்டிலில் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்த நல்லவாடு ஊர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்ஸும் சிரித்துவிட்டாள். "ஐயா தேறிட்டாரு" என்றாள். நான் தண்ணீரைக் கரண்டியால் கொடுத்தேன். அவர் கடைவாயில் வழிந்தது. துடைத்தேன்.

அதன்பிறகு அந்தக் குரல் ஓயவில்லை. என் முகம் பார்த்தால் நோய் கூடுகிறது என்றது. என் கை நாறுகிறது என்றது. நான் மூத்திரப் பையை மாற்றும்போது, "என் தம்பி பெண்டாட்டி என்றால் முகம் சுளிக்க மாட்டாள்" என்றது. அவர் வாயால் சொன்னபோது கோபம் இருந்தது, மூச்சிரைப்பு இருந்தது, கத்திக் கத்திக் களைத்துப் போவார். இந்தக் குரலுக்குக் களைப்பு கிடையாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அழுத்துவார். அது ஒவ்வொரு தடவையும் அதே இனிமையோடு சொல்லும்.

ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தன் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நின்றார்கள்.

"வூட்ல பிரஷர் மாத்திரைய ஒழுங்கா குடுக்கலியாம்மா நீங்க? ஐயா எழுதியிருக்காரு. அதனாலதான் இப்டி ஆச்சுன்னு."

"குடுத்தேன் சார். தெனமும் குடுத்தேன். வாங்கிக் கொல்லையில வீசிடுவாரு."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சும்மாவே கண்ணீர் வரும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தக் கண்ணீரைத்தான் எல்லோரும் நம்பினார்கள். "இனிமேலாவது கவனமா இருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

டேப்பில் சாயங்காலந்தோறும் ஒரு கேள்வி வரும். உங்களுடன் இருப்பவர் உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாரா? கீழே மூன்று முகங்கள் இருக்கும்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். அவர் என் கண்ணெதிரில் அழுகிற முகத்தைத் தொடுவார். தொட்டுவிட்டு நான் பார்த்தேனா என்று பார்ப்பார். கடைசியில் ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தாள். நோயாளி திருப்தியாக இல்லை, கூட இருப்பவரை மாற்றக் கேட்டிருக்கிறார் என்றாள். யார் வேண்டும் என்று அவரைக் கேட்டாள்.

"தம்பி" என்றது குரல்.

நான் மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பாகூர் பஸ் ஏறினேன்.

நல்ல நேரத்தில்தான் அனுப்பினார். சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்திருந்தது. ஆள் பிடித்து, சோறு ஆக்கிப் போட்டு, நானும் வயலில் நின்றேன். வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை போகும். லாரி ஏற்றிக்கொண்டிருந்தபோது என் போனில் ஆஸ்பத்திரிச் செய்தி வந்தது: நோயாளி தங்களை வரச் சொல்கிறார். கொழுந்தனாருக்குப் போன் செய்தேன்.

"நான் கம்பெனிக்கு வந்துட்டேன் அண்ணி. திருபுவனையில ஷிப்டு. எத்தினி நாள்தான் லீவு குடுப்பான்? அண்ணன் டேப்ல சொன்னா நர்ஸு பாத்துக்குவாங்க."

மறுபடி செய்தி வந்தது. நோயாளி தங்களை வரச் சொல்கிறார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கரும்புக் கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். லாரி கிளம்பி, ஆட்களை அனுப்பி, குளித்து, சூடாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து மறுநாள்தான் போனேன்.

அவர் நனைந்த துணியில் கிடந்தார். முதுகில் தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் விரல் டேப்பைத் தேடியது.

"ஏன் இவ்வளவு நேரம்" என்றது குரல். மூதேவி என்று சேர்க்கவில்லை.

"வெட்டு முடியல" என்றேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நர்ஸ் டேப்பைக் கழற்ற வந்தாள். அவர் அதன் ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார். "ஐயா, இது ஆஸ்பத்திரிது. அடுத்த பேஷண்டுக்கு வேணும்" என்று குழந்தையிடம் சொல்வதுபோல் சொன்னாள். அவர் விடவில்லை. அவள் விரல் விரலாகப் பிரித்து எடுத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, எடுத்துக்கொண்டு போனாள். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

மறுவாரம் மகள் வந்தாள். அப்பா வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்தாள்.

"அம்மா, அந்த மாதிரி ஆப் நம்ம போன்லியே இருக்கு. ஏத்திக் குடுத்துட்டுப் போறேன்."

"வேணாண்டி."

"அப்பாவுக்கு எதுனா கேக்கணும்னா?"

"அவருக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"அவரு பேசணும்மா. பாவம்."

"இத்தினி வருஷம் பேசனவருக்கு இன்னா பாவம்?"

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள். எங்கள் வீடு பெரிதில்லை. சமையல்கட்டில் பேசுவது அவர் கட்டிலுக்குக் கேட்கும். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் உதடு அசைந்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.