நானூற்றுப் பதினெட்டு மான்கள்

மூர்த்ரெஸ்க் சோதனைக் களத்துக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள், பட்டாளத்து அதிகாரிகள், தலைநகரிலிருந்து விமானத்தில் வந்து கொசுக்கடி தாங்காமல் அடுத்த விமானத்திலேயே திரும்பியவர்கள். ஆனால் களத்தில் ஆளோ மானோ இல்லை, 'காலி' என்று ஃபோல்கெ விக்ஸ்ட்ரோம் சொல்லாமல் அங்கே ஒரு பட்டாசுகூட வெடித்ததில்லை. முப்பத்தொரு வருஷம் அவர் அந்த ஒரு சொல்லுக்குத்தான் சம்பளம் வாங்கினார்.

சொல் ஒன்றுதான், அதன் பின்னால் இருந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வட சுவீடனின் அந்தக் காடும் சதுப்பும் பட்டாளத்தின் கைக்குப் போவதற்கு முன்பே 'சாமி' என்னும் பழங்குடி மேய்ப்பர்களின் பனிமான்கள் மேய்ந்த இடம். இன்றும் மேய்கின்றன. புது ஏவுகணையோ, ஆளில்லா விமானமோ, எதைச் சோதிப்பதானாலும் ஃபோல்கெ முதல் நாளே மேய்ப்பர்களின் குடிசைகளை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கூப்பிடுவார். மான்களைச் சரிவுக்கு அந்தப் பக்கம் ஓட்டியாயிற்றா, ஆட்கள் வெளியே வந்தாயிற்றா என்று அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்பார். யாராவது எடுக்காவிட்டால் பனிவண்டியைக் கிளப்பிக்கொண்டு நேரிலேயே போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த ஏவுகணை சும்மா கிடக்கும். அதிகாரிகள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டுமே என்று இருப்பார் மனுஷன்.

அந்தத் தொலைபேசிப் பேச்சில் அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. 'எத்தனை மான்?' என்று மட்டும் கேட்க மாட்டார். அந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் கேட்க மாட்டான். ஒரு மேய்ப்பனிடம் எத்தனை மான் வைத்திருக்கிறாய் என்பதும், நடுத்தெருவில் நிறுத்தி அவன் சட்டைப்பையில் கைவிடுவதும் ஒன்றுதான். தெற்கத்தி அதிகாரி ஒருவர் விவரம் தெரியாமல் ஒருமுறை மேய்ப்பர் அஸ்லாக்கிடம் கேட்டுவிட்டார். "முதல்ல உங்க பேங்க் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் உக்காந்து சேர்ந்தே படிப்போம்" என்றார் அஸ்லாக். அதனால் ஃபோல்கெ கேட்பது வேறு. எல்லாம் கூடவே இருக்கா என்பார். கூடவே இருக்கு என்பார் அஸ்லாக். அவ்வளவுதான்.

இந்த அஸ்லாக் மேய்ப்பர் சங்கத்தின் தலைவர். ஃபோல்கெயைவிட நான்கு வயது மூத்தவர், வாய் மட்டும் நாற்பது வயது இளையது. ஒருமுறை பனிவண்டி உடைந்து ஃபோல்கெ அவர் குடிசையில் மூன்று நாள் மாட்டிக்கொண்டார். நட்பு அப்போது ஒட்டிக்கொண்டதுதான். அந்தக் குடிசைச் சுவரில் ஓர் ஆணியில் ஃபோல்கெக்கென்று ஒரு மரக்கோப்பை தொங்கும். வேறு யார் வந்தாலும் பீங்கான் கோப்பைதான். ஃபோல்கெ வந்தால் மட்டும் ஆணியிலிருந்து கோப்பை இறங்கும், காப்பிக்குள் பாலாடைக்கட்டித் துண்டு விழும்.

இன்னொரு மரியாதையும் அவருக்குக் கிடைத்திருந்தது. குளிர் தொடங்கியதும் மேய்ப்பர்கள் எல்லா மான்களையும் வட்டப் பட்டிக்குள் அடைத்து, காதிலிருக்கும் வெட்டு அடையாளம் பார்த்து, அவரவர் மானை அவரவர் சிறு பட்டிக்குப் பிரித்துத் தள்ளுவார்கள். அஸ்லாக்கின் சிறு பட்டிக் கதவைப் பிடித்து நிற்பது ஃபோல்கெ. வெளியாளுக்கு அந்த இடம் லேசில் கிடைக்காது. அஸ்லாக் ஊருக்கே கேட்கும்படி சொல்வார்: "என் கதவை ஃபோல்கெ பிடிக்கட்டும். அவனுக்குத்தான் எண்ணத் தெரியாது." எல்லோரும் சிரிப்பார்கள். ஃபோல்கெயும் சிரிப்பார்.

அந்த வருஷம்தான் சிக்ரிட் வந்து சேர்ந்தாள். ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானி, முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ஃபோல்கெ உஷாராக இருந்திருப்பார். அவள் கொண்டுவந்தது ஆளில்லா விமானத்தில் பொருத்திய ஒரு கண். உடம்பின் சூட்டை வைத்தே காட்டுக்குள் இருக்கும் உயிர்களைக் கண்டுபிடித்து, எது எதுவென்று பிரித்து, தானே எண்ணும் கண். காட்டுக்கு மேலே பறந்தது, எண்ணைச் சொன்னது. ஆனால் அது சொன்ன எண் சரிதானா என்று யாருக்குத் தெரியும்? கீழே உண்மையில் எத்தனை மான் என்று தெரிந்தால்தானே?

ஃபோல்கெயிடம் வந்தாள். அஸ்லாக்கின் கூட்டத்தில் எத்தனை என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் விடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்திலிருந்து பிரிந்துபோன இரண்டு கன்றுகள் ஏவுகணைத் துண்டு விழுந்து செத்ததை ஞாபகப்படுத்தினாள். இந்தக் கண் தேறிவிட்டால் அப்படி ஒரு கன்றுகூட இனி சாகாது என்றாள். "உங்களைத் தவிர இதை வேற யாராலயும் செய்ய முடியாது, ஃபோல்கெ. நம்பர் என் ஆராய்ச்சியைத் தாண்டி எங்கயும் போகாது."

அந்த முதல் வாக்கியத்தில்தான் மனுஷன் கவிழ்ந்தார். முப்பது வருஷமாக 'காலி' சொன்னவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. இரண்டு நாள் யோசித்தார். கேட்கத்தானே கூடாது? நான் யாரையும் கேட்கப் போவதில்லையே? இப்படி ஒரு நியாயம் கண்டுபிடித்தார். வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் பேசாமல் கேட்டுத் தொலைத்திருப்பான், நாலு வசவு வாங்கியிருப்பான், அதோடு முடிந்திருக்கும். கேட்பது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தவருக்குத்தான் கேட்காமல் எண்ணும் புத்தி வரும்.

நவம்பர் கடைசியில் பட்டி கூடியது. ஃபோல்கெ வழக்கம்போல அஸ்லாக்கின் கதவைப் பிடித்தார். வலது கை கதவில், இடது கை கோட்டுப் பையில். பைக்குள் ஓர் எண்ணுகருவி, அழுத்தினால் ஒன்று ஏறும். மூச்சில் ஆவி பறக்க மான்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் பைக்குள் ஓர் அழுத்து. நடுவில் அஸ்லாக் வந்து, நெருப்பில் வாட்டிய இறைச்சியைக் கத்தி முனையில் குத்தி நீட்டினார். இடது கையை வெளியே எடுக்க முடியாமல் ஃபோல்கெ வாயாலேயே கவ்வி வாங்கினார். கிழவனுக்கு இப்போதே ஊட்டிவிட ஆள் தேவைப்படுகிறது என்று அஸ்லாக் கேலி செய்தார். அந்த இறைச்சி தொண்டையில் இறங்க மறுத்தது என்று ஃபோல்கெ பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. பொய். நன்றாகவே இறங்கியது. எண் தவறிவிடக் கூடாதே என்பதுதான் அப்போது அவர் கவலை.

நானூற்றுப் பதினெட்டு. வண்டியில் ஏறிய பிறகுதான் கருவியை வெளியே எடுத்துப் பார்த்தார், பகீரென்றது. ஆயிரம் மானாவது இருக்கும் என்றுதான் ஊரே நம்பியிருந்தது, அவரும் நம்பியிருந்தார். மூன்று குளிர்காலமாகப் பனிமேல் மழை பெய்து, அது கட்டியாய் உறைந்து, கீழே இருந்த பாசியைத் தின்ன முடியாமல் மான்கள் பட்டினியில் செத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அஸ்லாக் பாதிக்கு மேல் இழந்துவிட்டார் என்பதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் சங்கத்தில் அவர் பேச்சுக்கு அந்த எடை இருந்திருக்காது. அந்த நிமிஷமாவது கருவியைப் பனியில் வீசியிருக்கலாம். வீசவில்லை. சிக்ரிட்டிடம் போய் எண்ணைச் சொன்னார். அவள் சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டாள். அஸ்லாக்கின் சிறு பட்டிக்கு மேலே பறந்த அவளுடைய கண் நானூற்றுப் பதினொன்று என்று சொல்லியிருந்தது.

ஏப்ரலில் களத்துக்காரர்களும் மேய்ப்பர்களும் வருஷாவருஷம் கூடும் கூட்டம். ஊர் மன்றத்தில் காப்பி, பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி, பத்துப் பன்னிரண்டு மேய்ப்பர் குடும்பங்கள். இனி உங்கள் கன்றுகளுக்குப் பயமில்லை என்று நல்ல செய்தி சொல்லத்தான் சிக்ரிட் எழுந்தாள். திரையில் படம் விழுந்தது. இயந்திரம் எண்ணியது 411. நேரில் எண்ணியது 418. பக்கத்திலேயே பட்டியின் பெயர், அஸ்லாக்கினுடையது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் எண்ணியவர் பெயர்.

கூடத்தில் இருந்தவர்கள் காப்பிக் கரண்டிகளைக் கீழே வைத்தார்கள். எண் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிக்ரிட்டுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. அஸ்லாக் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஃபோல்கெ காலில் விழுந்திருப்பார். கடித்த ரொட்டியின் மிச்சத்தைத் தட்டில் வைத்தார், தொப்பியை மாட்டிக்கொண்டார், கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே போனார். ஃபோல்கெயை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த சோதனைக்கு முன்னால் ஃபோல்கெ வழக்கம்போலக் கூப்பிட்டார். எல்லாம் கூடவே இருக்கா என்று கேட்டார்.

"உன் மெஷினைக் கேளு" என்று சொல்லி அஸ்லாக் வைத்துவிட்டார்.

மற்ற மேய்ப்பர்களும் ஒவ்வொருவராக எடுப்பதை நிறுத்தினார்கள். எடுத்தவர்களும் ஆம், இல்லை என்பதற்கு மேல் பேசவில்லை. அதனால் காரியம் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. அதுதான் கொடுமை. இயந்திரம் பறந்தது, எண்ணியது, 'காலி' என்றது, ஏவுகணை கிளம்பியது. பனிவண்டிக்காக யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அஸ்லாக் சங்கத் தலைமையை விட்டு விலகினார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

அடுத்த குளிரில் ஒருநாள் ஃபோல்கெ கட்டுப்பாட்டு அறையில் சும்மா நின்றுகொண்டிருந்தார். அன்று காட்டில் மான் இல்லை. வெள்ளைத் துணி போர்த்திய பயிற்சிப் படையினர் பனிக்குள் பதுங்கிக் கிடந்தார்கள். திரையில் ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு சின்னக் கட்டம் விழுந்தது. பத்தொன்பது என்றது கண். படைத்தலைவர் சரிபார்த்தார். பத்தொன்பதேதான். எல்லோரும் கை தட்டினார்கள். ஃபோல்கெ தட்டவில்லை. கதவைத் தாண்டி ஓடிய மான்களிடம் பழகித்தான் அந்தக் கண் பதுங்கிக் கிடக்கும் மனுஷனைப் பிடிக்கத் தேறியிருக்கிறது. பழக்கிவிட்டவர்களில் தானும் ஒருவன். கன்றைக் காப்பாற்ற என்று நினைத்தாயே, மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டார். இரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவர். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மார்ச்சில் ஓய்வு பெற்றார். கேக் வெட்டினார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் பனிவண்டியை எடுத்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டது. இனியும் தள்ள மனசு கேட்கவில்லை.

அஸ்லாக் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். உள்ளே வா என்றார், அடுப்பில் காப்பி வைத்தார். அந்தக் குளிரில் வந்தவன் யாரானாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும். அலமாரியிலிருந்து பீங்கான் கோப்பை இறங்கியது. மரக்கோப்பை ஆணியிலேயே தொங்கியது, அதன்மேல் தூசி.

ஃபோல்கெ வழி நெடுகச் சேர்த்துவைத்த வார்த்தைகளில் பாதி வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்றார். உன் மானுக்கு நல்லது என்று நினைத்தேன் என்றார். அது பாதிதான் நிஜம் என்பதையும் சொன்னார். சின்னப் பெண் புகழ்ந்ததில் மயங்கிப்போனேன் என்றபோது கண் கலங்கிவிட்டது.

அஸ்லாக் காப்பியை ஊதிக்கொண்டே கேட்டார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

"நானூத்திப் பதினெட்டுன்னு எழுதிக் குடுத்தே, இல்ல?"

"ஆமா."

"தப்பு. நானூத்திப் பத்தொம்பது. கிழட்டு வெள்ளச்சி நொண்டிக்கிட்டு இருந்தா. அவளைக் குடிசைக்குப் பின்னாடி கட்டிப் போட்டிருந்தேன். கதவுப் பக்கமே வரல."

ஃபோல்கெ கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஊர்ல வேற எவன் கேட்டிருந்தாலும் செருப்பாலதான் பதில் சொல்லியிருப்பேன்" என்றார் அஸ்லாக். குரலில் கோபம் இல்லை. "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்யா. மூணு வருஷமா எவன்கிட்டயும் சொல்ல முடியாம தவிச்சுக்கிட்டு இருந்தேன். நீ வந்து கேக்க மாட்டியான்னு இருந்துச்சு."

வெளியே நாய் ஒன்று குரைத்து அடங்கியது. அஸ்லாக் எழுந்து அடுப்பில் ஒரு கட்டை வைத்தார். ஃபோல்கெ பீங்கான் கோப்பையில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்தார். ஆணியில் தொங்கியதை ஒருமுறை பார்த்தார், கேட்க வாய் வரவில்லை.