புஷ்பமேரி டீச்சர் வீடு விற்ற கதை

நாற்பத்தொரு வயதில் புஷ்பமேரி டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமானது. திண்டுக்கல்லுக்குத் தெற்கே பதினொரு வீடுகள் கொண்ட ஒரு காலனியில், நான்காவது வீட்டில், பதினைந்து பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துத் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை சூசை, ரெட்டியார்சத்திரத்தில் பூந்தோட்டம் வைத்திருப்பவர். சனிக்கிழமைதோறும் மாதா கோயிலுக்குக் கனகாம்பரம் கொண்டுவருவார். பீடத்து விரிப்பை டீச்சர் தைத்துக் கொடுத்திருந்தார். ஓரம் கோணலாக இருக்கிறதே என்று சூசை ஒருநாள் மெதுவாகச் சொன்னார். டீச்சர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே கோணல். சிரித்துவிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமைகளில் பூ கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு ஒரு வியாதி மாதிரி. வரக்கூடாத இடத்தில்தான் வரும். கல்யாணம் பேசி முடித்த வாரம் முழுக்க அவர் தரையில் நடக்கவில்லை. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது இடது கையை இரண்டு முறை அளந்தார். சோற்றில் உப்பு போட மறந்தார். வீட்டை விற்றுவிட்டு ரெட்டியார்சத்திரத்திலேயே பத்து மெஷின் போட்டுப் பள்ளி நடத்தலாம் என்று அவருக்கு ஒரே துள்ளல்.

வீட்டை வாங்க வந்தவர் கீரனூர் நாச்சிமுத்து. மகளைத் திண்டுக்கல்லில் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காக வீடு தேடிக்கொண்டிருந்தார். ஒரே பேச்சில் விலை முடிந்தது, அட்வான்ஸும் கொடுத்தார். மூன்றாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அனுப்பியவர் காலனி மானேஜர் நல்லுசாமி. காலனியைக் கட்டி விற்ற புகையிலை வியாபாரியின் மருமகன் அவர். மாமனார் காலமானதும் நிர்வாகம் அவர் கைக்கு வந்திருந்தது. வீடு டீச்சருக்குச் சொந்தம்தான், பட்டாவும் இருந்தது. ஆனால் கிரயப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு: காலனியின் பொதுப் பராமரிப்புக்கு ஆகும் செலவில் நியாயமான பங்கை வீட்டுக்காரர் தர வேண்டும். டீச்சர் மாதம் நான்கு ரூபாய் வீதம் கட்டித்தான் வந்தார். ஐம்பத்துநாலில் தெருவிளக்குக் கம்பம் சாய்ந்தது. யாரும் நிமிர்த்தவில்லை. டீச்சரும் கட்டுவதை நிறுத்திக்கொண்டார். இப்போது ஐந்து வருடப் பாக்கி, காவலாளி, பூங்கா, விளக்கு, கிணறு என்று நோட்டீஸில் வரிசையாக இருந்தது. போதாததற்கு, வீட்டைக் கைமாற்ற மானேஜர் தரும் சம்மதக் கடிதத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய். அதுவரை வீட்டின்மேல் வில்லங்கம்.

வில்லங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நாச்சிமுத்து முகம் சுருங்கியது. ஆனால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, இது தீரட்டுமுங்க. நான் எங்கயும் போகலீங்க. எம் புள்ளைக்கு இந்த வீடு புடிச்சுப்போச்சு."

கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைப்போம் என்று டீச்சர் சூசையிடம் சொன்னார். கையை வீசிக்கொண்டு வர அவருக்கு மனம் இல்லை. சூசை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வீடு விக்கட்டும், விக்காமப் போகட்டும். நான் வீட்டுக்கா ஓலை குடுத்தேன்?"

டீச்சர் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தெரியாதவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார்.

வக்கீல் ராயப்பராஜ் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். விற்க யாருடைய சம்மதமும் வேண்டாம், செய்யாத வேலைக்குக் கட்டணமும் இல்லை என்பது அவர் வாதம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நல்லுசாமி எதிர்வாதம் செய்தார். நேரில் போய்ப் பார்த்துவர ஒரு கமிஷனரைக் கோர்ட் நியமித்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் குடையும் குறிப்பேடுமாக வந்து சேர்ந்தார்.

காலனி அன்று காலை அடையாளமே தெரியவில்லை. கம்பம் நிமிர்ந்து நின்றது, அடியில் செங்கல் முட்டுக் கொடுத்து. நெருஞ்சி மண்டிய காலிமனையைக் கூட்டி, வரிசையாகக் குரோட்டன்ஸ் நட்டிருந்தார்கள். வாசலில் காக்கிக்கோட்டு போட்ட ஓர் ஆள் விறைப்பாகச் சலாம் வைத்தார். பெயர் சடையாண்டி. காவலாளி என்றார் நல்லுசாமி.

எத்தனை காலமாக வேலை பார்க்கிறாய் என்று கமிஷனர் கேட்டார்.

"நேத்துச் சாயங்காலம் வந்தேங்கய்யா."

நல்லுசாமி இருமினார். கமிஷனர் எழுதிக்கொண்டார். பூங்காவுக்குப் போனார்கள். ஒரு செடியின் இலை அழகாக இருக்கவே கமிஷனர் அதைத் தொட்டார். செடி அவர் கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை, வெட்டிச் செருகிய கிளை. அடுத்ததை இழுத்தார். அதுவும் வந்தது. மூன்றாவதை இழுக்க அவசியமே இல்லாமல் அது தானாகச் சாய்ந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு கிளம்பிவிட்டது. முந்தானையை வாயில் அழுத்தினார், நிற்கவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து கண்ணீர் வழியச் சிரித்தார். மற்றப் பத்து வீட்டு ஜன்னல்களிலும் சிரிப்பு தொற்றியது. கிளையைக் கையில் வைத்துக்கொண்டு கமிஷனர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நல்லுசாமியே தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"நான் அப்பவே சொன்னேன், வேரோட வாங்கியாங்கன்னு," என்றார்.

புதன்கிழமை கல்யாணம். பங்குச் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது, டீச்சர் மூச்சை இழுத்துப் பிடித்துச் சம்மதம் என்றார். முடியும்வரை சிரிக்கவில்லை. அது அவர் வாழ்க்கையில் பெரிய சாதனை என்று சூசை பிற்பாடு சொல்வார்.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பத்திரத்து வரி செல்லும், உண்மையில் ஆன செலவில் பங்கு தரத்தான் வேண்டும். காவலாளிக்கும் பூங்காவுக்கும் விளக்குக்கும் ஒன்றும் இல்லை. கிணறு தூர்வாரியதற்கும் கயிறு வாங்கியதற்கும் ரசீது இருந்ததால் டீச்சர் பங்கு ஒன்பது ரூபாய் நாற்பது நயா பைசா. சம்மதக் கடிதம் தேவையில்லை. வீட்டை விற்பது அவர் உரிமை. மேல்முறையீடு செய்யலாம் என்றார் ராயப்பராஜ், அந்த ஒன்பது ரூபாய்க்கு. டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். கயிறு வாங்கியது நிஜம்தானே, அதில் நானும்தானே தண்ணீர் இறைத்தேன் என்றார். நல்லுசாமி மீதி வீட்டுக்காரர்களைக் கூட்டி, செலவுக் கணக்கை இனிக் கோயில் அறிவிப்பு மாதிரிப் பலகையில் எழுதிப் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

பத்திர ஆபீஸில் நாச்சிமுத்து பெயருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீச்சர் வெளியே வந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. ஊரில் இப்போது அவருக்கு வீடு இல்லை, சாவி இல்லை, வாய்தா இல்லை. உடம்பு பஞ்சுபோல் லேசாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, காபி குடிப்போமா என்று சூசை கேட்டார்.

"நடந்தே போவமா?"

"எட்டு மைலு இருக்கு டீச்சர்."

"இருக்கட்டுமே."

நடந்தார்கள். மூன்று மைல் வரை டீச்சர் முன்னால் போனார். நாலாவது மைலில் செருப்பு அறுந்தது. பருத்திக்கொட்டை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பின்னால் வந்தது. வண்டிக்காரர் கேட்பதற்கு முன்பே டீச்சர் சக்கரத்தில் கால்வைத்து மேலே ஏறி, மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்து, கீழே நின்ற சூசைக்குக் கைகொடுத்தார்.