வண்டிக்கு நெற்றி எது

உத்திரமேரூர் பெட்ரோல் பங்க்கில் நேற்று எனக்கு முன்னால் ஒரு பழைய வண்டி நின்றது. ஆயுத பூஜை முடிந்த வாரம். வரிசையில் நின்ற எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம், வாடிப்போன சாமந்தி. முன்னால் நின்றவர் டேங்க் மூடியில் சாவியைப் போட்டுத் திருப்பியதும் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். அவர் அதைக் கவனிக்கவில்லை. பெட்ரோல் போடும் அக்காவும் கவனிக்கவில்லை. நான் மட்டும் அப்படியே நின்றுவிட்டேன். "மேடம், முன்னால வாங்க, பின்னால ஆரன் அடிக்கிறாங்க" என்று அந்த அக்கா சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

அந்தச் சத்தம் எங்கள் வீட்டு வண்டியிலும் கொஞ்ச நாள் இருந்தது. நைனாவின் வண்டி. அப்பா நெல் தரகர். சட்டைப்பையில் மாதிரி நெல்லைப் போட்டுக்கொண்டு சாலவாக்கம், பெருநகர் என்று சுற்றிவிட்டு வருவார். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டால் பெட்ரோலும் உமியும் கலந்து ஒரு வாசனை வரும். பையை உதறாமல் ஊறவைத்து, பக்கெட்டில் நெல் மிதந்து, அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

அவர் இறந்தது ஒரு கார்த்திகையில். எனக்கு அழுகை வரவில்லை. "கல்லு மாரி கீதே இந்தப் பொண்ணு" என்று அத்தை என் காதுபடவே சொன்னாள். அழுகைக்குப் பதிலாக எனக்குப் பட்டியல்தான் வந்தது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும், நாற்காலி எங்கே வாங்குவது, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா. படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமோ. வேறு எப்படி இருப்பேன்?

காரியம் முடிந்த கையோடு வாலாஜாபாத் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலை ஷிப்டுக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. ஒன்று, நைனாவின் வண்டியில் போய்வர வேண்டும். இல்லையென்றால் ஆஸ்டலில் தங்க வேண்டும். ஆஸ்டல் என்றால் அம்மா தனியாக இருப்பாள். அப்போதெல்லாம் அவள் விளக்கை அணைக்காமல்தான் படுத்தாள். நானும் அணைக்கச் சொல்லவில்லை.

"ஆஸ்டல்லயே இருந்துக்கோ பாப்பா" என்றார் சித்தப்பா. "இந்த வண்டிய நம்பிக்கினு போனா ரோட்லதான் ஷிப்டு பாப்ப."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டில் ஒரே உதையில் கிளம்பும். ஏரிக்கரை வளைவு வரை ஒழுங்காக ஓடும். அங்கே இருமும், திணறும், நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். அடுத்த ஊருக்குள் நுழைவதற்குள் மறுபடி இருமும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். பெட்ரோல் டேப்பைக் கழற்றி வடிகட்டியைக் கழுவினேன். டியூபை ஊதிப் பார்த்தேன். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து மிதவையைச் சரிபார்த்தேன். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊசிமுனைத் துளையில் துளி வானம் தெரிந்தது. அடைப்பே இல்லை. மறுநாளும் எல்லாவற்றையும் அதே வரிசையில் கழற்றி அதே வரிசையில் மாட்டினேன். அதைச் செய்யும்போது வேறு எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் வண்டியை ஒரு முறை உறுமவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். "கார்ப்ரேட்டருக்கு ஆயுசு முடிஞ்சிபோச்சும்மா. மாத்திடு" என்றார். ஆஸ்பத்திரியிலும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அங்கே சொன்னது நைனாவின் சிறுநீரகத்தை.

வேலையில் சேர்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அம்மா தானாகவே வந்து பின்னால் உட்கார்ந்தாள். ஏரிக்கரையில் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா பாப்பா, இன்னிக்குமா? எடைக்குப் போட்டா ரெண்டு பிளாஸ்டிக் கொடம் தருவான்."

"ஒண்ண உனுக்குத் தரோம், நீ ஆட்டப் பாரு" என்றாள் அம்மா. நைனா போன பிறகு அவள் ஒருவரை மடக்கிப் பேசியது அன்றுதான்.

நான் வழக்கம்போல மூடியைத் திறந்தேன். புஸ்.

"ஏண்டி, இது தொறக்கும்போதெல்லாம் பெருமூச்சு வுடுதே, இன்னாத்துக்கு?"

பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்கு மேலிருந்து காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும், கார்புரேட்டர் வறண்டுபோகும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே ஓடும். அதுதான் அந்தச் சத்தம். நானே ஒவ்வொரு முறையும் திறந்து சரிசெய்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மூடி கார்புரேட்டரின் பாகம் இல்லை என்பதால் என் பட்டியலில் அது வரவேயில்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். சாவித் துவாரத்தை ஒட்டியிருந்த அந்தத் துளையில், குங்குமம் கறுத்துப்போய், சந்தனம் சுண்ணாம்பாக இறுகியிருந்தது.

ஊரில் எல்லாரும் ஹெட்லைட்டுக்குத்தான் பொட்டு வைப்பார்கள். நைனா மட்டும் மூடிக்கு வைப்பார். சித்தப்பா ஒவ்வொரு வருடமும் கிண்டல் செய்வார். "எட்லைட்டு கண்ணுடா. கண்ணுல எவனாவது சந்தனம் வெப்பானா? நெத்தி இங்க கீது" என்று மூடியைத் தட்டிக் காட்டுவார் நைனா. மற்ற வருடங்களில் அளவாக, துளையிலிருந்து தள்ளி வைத்திருப்பார் போலிருக்கிறது. அவருடைய கடைசி ஆயுத பூஜையில் கை நடுங்கியது. குழைத்ததும் கெட்டி. பொட்டு பெரிதாகித் துளையையும் மூடிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வண்டி எடுக்கவில்லை.

அம்மா முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். குத்திக் கிளறினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. துளையை ஊதினேன், காற்று போனது. மூடியைப் பூட்டி உதைத்தேன். வளைவு தாண்டியது. அடுத்த ஊர் தாண்டியது. திரும்பலாமா என்று கேட்டேன். "போய்க்கினே இரு" என்றாள். உத்திரமேரூர் வரை போய், எதுவும் வாங்காமல் திரும்பினோம். ஆஸ்டல் பேச்சு அதோடு நின்றது.

பிறகு டேங்க் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியதும் அந்த வண்டியையும் கொடுத்துவிட்டோம். இப்போது இருப்பதில் கார்புரேட்டர் இல்லை, சோக் இல்லை, கால் முட்டிக்குக் கீழே ரிசர்வ் டேப் இல்லை. கோளாறு என்றால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அம்மா அதன் ஹெட்லைட்டுக்குத்தான் பொட்டு வைக்கிறாள். மூடிப் பக்கம் அவள் விரல் போவதில்லை.

அன்று உள்ளங்கையில் இருந்த அந்தச் சந்தனத் தூளை ஏரிப் பக்கம் திரும்பி ஊதிவிட்டேன். அப்போது எனக்கு அது அடைப்பு, அவ்வளவுதான்.