இரண்டாவது ஆம்ப்ளிஃபயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து மைக் செட் வைத்திருந்தோம். நான் பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகும் வழியிலுள்ள ஓர் ஊர்க்காரன். அவன் கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைக்காரன், மீன்பிடிக் குடும்பம். அவனுடைய அண்ணன் வள்ளத்தில் கடலுக்குப் போவான். இவனுக்கு வள்ளத்தில் ஏறினாலே வாந்தி வரும். ஐ.டி.ஐ.யில் என் பக்கத்து பெஞ்சில் இருந்தவன், படிப்பு முடிந்ததும் அப்படியே என்னோடு தொழிலுக்கு வந்துவிட்டான்.

எங்களிடம் இருந்தது எல்லோரிடமும் இருந்த மாதிரிப் பெட்டிகள்தான். ஒரே ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள்ளே ஒரு காயிலும் சில கண்டன்சர்களும் சத்தத்தைப் பிரித்து, கனத்த பாஸைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூர்மையான ஹையை மேலேயிருக்கும் ஹார்னுக்கும் அனுப்பும். டிரம் பலமாக விழுந்தால் ஆம்ப்ளிஃபயர் திணறும். அது திணறும்போது பாடுகிறவரின் குரலும் சேர்ந்து கரகரக்கும். எங்கே போனாலும் இதே கதைதான்.

"எலே, சத்தத்த ஆம்புக்கு முன்னாலயே பிரிச்சிரணும்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். "பாஸுக்கு ஒரு ஆம்ப், ஹைக்கு ஒரு ஆம்ப். அது திணறினா இதுக்கு என்ன?"

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சாமான் வாங்கிவந்து, சத்தத்தைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் போர்டை அவனே சால்டர் வைத்துச் செய்தான். பழைய பெட்டிகளின் காயில்களை நான் கழற்றி எறிந்தேன். நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்தில்தான் முதலில் ஓட்டினோம். பாஸ் நெஞ்சில் வந்து இடித்தது. அதற்கு மேலே பாட்டுக்காரியின் குரல் கொஞ்சமும் கலங்காமல் நின்றது. மேடைக்குப் பின்னாலிருந்து அவன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எங்களுக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

நான் ஆட்களுக்கு நடுவே மிக்ஸரில் இருப்பேன். அவன் மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர்களோடும் ஜெனரேட்டரோடும் இருப்பான். முன்பெல்லாம் பெட்டிக்குள் காயில் பிரித்துக் கொடுத்ததுதான் கணக்கு, அதில் யாரும் கைவைக்க முடியாது. இப்போது பாஸுக்கும் ஹைக்கும் தனித்தனிக் குமிழ், மிக்ஸருக்குப் பக்கத்தில் போர்டில், என் கையில் இருந்தது. ஹை போதவில்லை என்று தோன்றினால் ஒரு பொட்டு கூட்டுவேன். அடுத்த இடத்தில் இன்னொரு பொட்டு.

என் மகள் அப்போது சின்னப்பிள்ளை, பேச்சு முழுதாகத் திருந்தவில்லை. அவள் சொல்வது எனக்குப் புரிவதில்லை. மழலை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் மனைவிக்கு அவள் சொல்வதெல்லாம் புரிந்தது.

"பிள்ள எத்தன வாட்டி விளிக்கிறா, நீங்க என்ன கல்லு மாதிரி இருக்கிய?" என்பாள் மனைவி. அலுப்பு என்று சொல்லிவிடுவேன். உண்மையிலேயே அலுப்பாகவும் இருந்தது.

ஒரு கடற்கரைத் தேவாலயத் திருநாளுக்குச் செட் போட்டிருந்தோம். மதியம், சோதனைக்காக கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சாயா குடிக்கப் போயிருந்தான். சத்தம் மந்தமாகப் பட்டதால் ஏதாவது வயர் கழன்றிருக்குமோ என்று பார்க்க மேடைக்குப் பின்னால் போனேன். ஹை ஆம்ப்ளிஃபயரின் குமிழ் பாதிக்கும் கீழே இருந்தது. யாரோ தட்டிவிட்டிருப்பார்கள் என்று நினைத்து வழக்கமான இடத்துக்கு ஏற்றிவிட்டு மிக்ஸருக்குத் திரும்பினேன். பாட்டு இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வாசலில் ஜெபமாலை விற்ற பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஒருத்தியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வாயைத் திறந்து அழுதது. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார். கூட்டாளி சாயாக் கிளாசை வழியிலேயே போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடி, நான் ஏற்றிவைத்ததைக் குறைத்தான். பின்னாலேயே போன நான் அதை என் கண்ணால் பார்த்தேன்.

"என்னத்துக்குலே கொறச்சே?"

அவன் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"நீ கூட்டிட்டே போறே, மக்கா. நான் பொறகால நின்னு கொறச்சிட்டே இருக்கேன்."

"எப்பம் தொட்டு?"

"கொறே நாளாச்சு. மாசக்கணக்கு இருக்கும்."

"எங்கிட்ட பறஞ்சா என்ன?"

"எப்பிடிலே பறைய? நமக்கு ஒன் காதாக்கும் சோறு."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்ன் கெட்டுவிட்டது, போர்டைத் தப்பாகச் செய்திருக்கிறாய் என்றெல்லாம் அவனிடம் கத்தினேன்.  கத்தி முடிந்ததும் அவன் பாஸ் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஹை மட்டும் ஓடும்படி விட்டான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதையும் மெல்லமெல்லக் குறைத்தான். "கேக்குதா?" என்றான். தலையாட்டினேன். இன்னும் குறைத்தான். கேசட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஜெபமாலை விற்ற பெண் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, பாட்டுக்கேற்பத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

திருவனந்தபுரத்தில் டாக்டர் என் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி "கேள்க்குந்நுண்டோ?" என்று திரும்பத்திரும்பக் கேட்டார். அவர் உதடு அசைவதைத்தான் பார்த்தேன். நரம்பு போய்விட்டது, ஹார்ன்களுக்குப் பக்கத்தில் நின்ற வருஷங்கள் அதைத் தின்றுவிட்டன, போனது திரும்பி வராது என்றார். இனியும் அந்தச் சத்தத்தில் நின்றால் மிச்சமிருப்பதும் போகுமாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். காதில் மாட்டுகிற கருவி ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். அது மகளின் குரலைக் கூட்டியதுபோலவே லாரி இரைச்சலையும் கூட்டியது. பெட்டியிலேயே போட்டுவைத்துவிட்டேன்.

தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, பனச்சமூட்டில் மைத்துனனின் பெயிண்ட் கடையில் போய் உட்கார்ந்தேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினேன். அந்த எல்லை முக்கில் அதுவும் லேசில்லை. ஒருவர் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். எந்த மொழி என்று பிடிபடுவதற்குள் அவர் பேசி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிரித்து வைப்பேன். பாதி நாளும் சிரிப்பிலேயே கழிந்தது.

கூட்டாளி அடிக்கடி வருவான். முதலில் காதுக்குள் வந்து கத்துவான். கத்தினால் எனக்கு முழக்கம்தான் கேட்கும், வார்த்தை கேட்காது. பிறகு முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டான். பாஸுக்குப் புதுப் பெட்டி ஒன்று செய்யப் போகிறான், வைக்க இடமில்லை, அண்ணனிடம் இடம் கேட்டிருக்கிறான் என்று கடைசியாக வந்தபோது சொல்லியிருந்தான்.

ஜூன் தொடக்கத்து இடவப்பாதி மழை பிடித்திருந்த ஒரு நாள் வந்தான். நனைந்திருந்தான். பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ பேசினான். மழை கூரை ஷீட்டில் விழுந்துகொண்டிருந்தது. 'அண்ணன்' என்ற ஒரு சொல்தான் எனக்குக் கிடைத்தது.

"அண்ணன் எடம் தந்தானா? நல்லதாப் போச்சுலே" என்று சொல்லி அவன் முதுகில் தட்டினேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மைத்துனன் எழுந்து ஓடிவந்து, என் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். "இவனுக்க அண்ணன் வள்ளம் மறிஞ்சு போயிட்டான்" என்றான். எனக்கு விளங்காமல் போய்விடுமோ என்று, கையைக் கவிழ்த்தும் காட்டினான்.

நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. கூட்டாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவன் என் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"சத்தமாச் சொல்ல முடியல்ல, மக்கா."

அவனோடு பஸ்ஸேறிக் கடற்கரைக்குப் போனேன். உடல் கிடைக்கவில்லை. வள்ளங்கள் தேடிவிட்டுத் திரும்பியிருந்தன. வீட்டுக்குள் பெண்களின் வாய் அசைந்தது. அண்ணனின் மனைவி என்னிடம் ஏதோ கேட்டாள், எனக்கு விளங்கவில்லை, வெளியே வந்தேன். கூட்டாளி மணலில் இருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் என் தோளில் தலையைச் சாய்த்துப் பேச ஆரம்பித்தான். வாய் தெரியவில்லை. குரல் மட்டும் தோள் எலும்பில் அதிர்ந்தது. என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. எப்போது பேச்சை நிறுத்தினான் என்றும் தெரியவில்லை. அவன் எழுந்திருக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.