இன்னொரு சுத்து

இரும்புக் குழாய்க்குள் ஸ்பேனரின் வால் நுழைந்து 'க்ரீச்' என்று உரசுகிற சத்தம் இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பல் கூசும். ஏனென்றால், ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சத்தத்துக்கு அடுத்தபடியாகத் தவறாமல் கேட்பது அப்பாவின் குரல்: "இன்னொரு சுத்து!"

அப்பாவுக்கு ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை. கை நீள ஸ்பேனர்களோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிய அந்தக் கை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அடங்காது. அவர் மூடிய தண்ணீர்க் குழாயை அடுத்த ஆள் திறக்க முடியாது. அவர் மூடிய ஊறுகாய் பாட்டில் அந்த வாரம் முழுக்க எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். பாட்டில் மூடியை வெந்நீரில் காட்டி, விளிம்பில் கரண்டிக் காம்பால் நாலு தட்டுத் தட்டி, ஒரு துணியைச் சுற்றித் திருகினால்தான் திறக்கும். ஆக, எங்கள் வீட்டில் இறுக்குகிறவர் ஒருவர், கழற்றுகிறவர்கள் அம்மாவும் நானுமாக இரண்டு பேர்.

அப்பாவிடம் ஒரு பழைய பைக் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவரே ஆயில் மாற்றுவார். இன்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கும்; அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும், திரும்ப மாட்டிவிட்டுப் புது ஆயிலை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை தரையில் ஒரே ஒரு சொட்டு ஆயிலைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பேனரின் வாலில் சொருகி, பிடியை நீளமாக்கிக்கொண்டு, முழு உடம்பையும் போட்டு அந்தப் போல்ட்டை முறுக்க ஆரம்பித்தார். ரயிலுக்கு அது சரிப்படும். பைக் இன்ஜினின் கூடு அலுமினியம். போல்ட் சுற்றி ஏறுவதற்காக அதற்குள் வெட்டியிருக்கும் 'மரை' அந்த முரட்டுத்தனத்தைத் தாங்காது.

எங்கள் தெருவில் 'மரை கழண்ட கேஸ்' என்றால் புத்தி பிசகிய ஆள். பத்தாம் வகுப்பு முடித்த அந்த மே மாதம், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க நான் படிவம் வாங்கி வந்து, பெற்றோர் கையெழுத்துக்காக நீட்டியபோது அப்பா அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தார்.

"இன்னாது, மெக்கானிக்கலா? பொட்டப்புள்ள கிரீஸ பூசிக்கினு நிக்கப் போறியா? உனுக்கு இன்னா, மரை கழண்டுகீதா?"

"ஆமா, நிக்கத்தான் போறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். வாசலில் நின்ற பைக்கைக் காட்டினார். "அந்த அடி போல்ட்ட கழட்டு பாக்கலாம். கழட்டி, மாட்டி, ஒரு சொட்டு ஒழுகாம காட்டு. கையெழுத்துப் போடறேன்."

தானே குழாய் போட்டு முறுக்கிய போல்ட் அது, எந்த ஆம்பளையாலும் கழற்ற முடியாது என்று தெரிந்தேதான் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! படிவம் கொடுக்க நாலே நாள்தான் பாக்கி.

முதல் தடவை ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வா, கழண்டாலும் கழலும்" என்றார். அந்த எரிச்சலில்தான் ஊறுகாய் பாட்டில் நினைவுக்கு வந்தது. பைக்கை ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் சூடேற விட்டேன். நிறுத்திவிட்டு, போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினேன். வளைய ஸ்பேனரைத் தலை முழுக்கக் கவ்வும்படி மாட்டி, கதவுக்குப் பின்னால் இருந்த அவருடைய குழாயையே எடுத்து வந்து சொருகி இழுத்தேன். 'டப்' என்று அசைந்தது.

ஆனால் அசைந்த பிறகும் போல்ட் லேசாகவில்லை. கடைசிச் சுற்று வரை முரண்டு பிடித்துக்கொண்டே வந்தது. கறுப்பு ஆயில் பழைய பேசினில் கொட்டியது. போல்ட்டைத் துடைத்துப் பார்த்தால், அதன் மேல் தேங்காய்த் துருவல் மாதிரி அலுமினியச் சுருள்கள்.

அப்பா துள்ளி எழுந்தார். "போச்சு! வண்டிய நாசம் பண்ணிட்டா!"

போல்ட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "நல்லா பாருப்பா. மரை கழண்டது எனக்கா? நீ முறுக்குனியே, அதுக்கா?"

உள்ளேயிருந்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "கழட்டறது இன்னா பெரிய விஷயம்? ஒழுகாம மாட்டிக் காட்டு" என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆயில் இல்லாத வண்டியை ஓட்டக் கூடாது. மரை போன ஓட்டையில் போல்ட்டும் பிடிக்காது. துணியை அடைத்துக்கொண்டு, மறுநாள் காலை வெயிலில், ஆவடி மார்க்கெட் பக்கத்து லேத் பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். "இன்னா ஜெசி, பெட்ரோல் காலியா?" என்று வழியெல்லாம் கேள்வி. "இல்லக்கா, எங்கப்பாவுக்கு பலம் ஜாஸ்தி" என்று எல்லாருக்கும் ஒரே பதில். பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரும்மா டைட் வச்சது? வண்டிக்கு வச்சாரா, ரயிலுக்கு வச்சாரா?" என்றார். "ரயிலுக்குத்தாண்ணே." அவர் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே 'புஷ்' என்கிற இரும்புக் குழல் ஒன்றை இறக்கி, அதில் புது மரை வெட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து புது வாஷரோடு புது போல்ட்டை மாட்டினேன். முடிகிற வரை வெறும் விரலால் திருகினேன். பிறகு ஸ்பேனரை அதன் தலைக்குப் பக்கத்திலேயே பிடித்து மெதுவாக இறுக்கினேன். வாஷர் நசுங்கி உட்காருவது கைக்குத் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். பின்னால் அப்பா, கையில் குழாய்.

"இன்னொரு சுத்து வையி."

"வைக்க மாட்டேன்."

"ஒழுகும்டி."

"ஒழுகுனா படிவத்த நீயே கிழிச்சுப் போட்டுடு. போல்ட்ட மட்டும் தொடாத."

அவர் ஓரடி முன்னால் வந்தார். நான் எழுந்திருக்கவில்லை; இன்ஜினுக்கும் அவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் போன பிறகுதான் ஆயிலை ஊற்றி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கீழே அன்றைய பேப்பரை விரித்தேன்.

காலையில் அப்பா முட்டி போட்டுப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இல்லை. திருப்பியும் பார்த்தார். பிறகு படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்ட அழுத்தத்தில் கடைசிப் புள்ளியில் பேனா காகிதத்தைத் துளைத்துவிட்டது. "இதையும் முறுக்கிப்புட்டாரு" என்று அம்மா பின்பக்கம் ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள்.

இப்போது நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில், மற்றவர்கள் முறுக்கிய போல்ட்டுகளைச் சோதிக்கிறேன். வெள்ளானூரில் ஃப்ளாட். சேக்காட்டு வாசல் இல்லை, அந்தப் பைக் இல்லை, வீட்டில் பேப்பரும் வாங்குவதில்லை. குழாய் எங்கே என்று அப்பா இன்னமும் கேட்கிறார். வீடு மாறும்போது பழைய இரும்புக்குப் போட்டது நான்தான், சொல்லவே மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் என் வண்டிக்கு ஆயில் மாற்றினேன். அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கைக்கு இப்போது தண்ணீர் பாட்டில் மூடிகூடத் திறக்காது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"இன்னொரு சுத்து?"

"வைக்க மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே, கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அவரே வண்டிக்கு அடியில் விரித்தார். மறுநாள் எனக்கு முன்பே எழுந்து, லிஃப்டில் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு சொட்டாவது விழாதா என்று இருபது வருடமாக மனுஷர் காத்துக்கொண்டிருக்கிறார். விழாது.