எடை சரியாக இருந்தால் தேதி வரும்

ராமநாதபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த மசாலாப் பொடி ஷெட்டில் எனக்கும் என் மனைவிக்கும் அடுத்தடுத்த இடம். நான் எடை போடுவேன், அவள் தேதி குத்துவாள். எங்கள் ஊர், சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில். காலை பஸ்ஸில் அவள் முன்பக்கம் ஏறுவாள், நான் பின்பக்கம் ஏறுவேன். ஷெட்டுக்குள் போன பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம்.

தேதி குத்துவது என்றால் ரப்பர் ஸ்டாம்ப். நாள், மாதம், வருஷம் மூன்றுக்கும் சுற்றுகிற பட்டை உண்டு. வந்ததும் ஊக்கு முனையால் பட்டையைத் தள்ளி அன்றைய தேதிக்குக் கொண்டுவருவாள். லேபிளில் இரண்டு கட்டம். மேல் கட்டத்தில் பாக்கெட் போட்ட தேதி, கீழ்க் கட்டத்தில் எக்ஸ்பைரி. மிளகாய்த் தூளுக்கு ஒரு கெடு, மல்லித் தூளுக்கு வேறு கெடு, முழு மிளகாய்க்கு இன்னொன்று. சரக்கு மாறும்போதெல்லாம் கீழ்க் கட்டத்து ஸ்டாம்பைத் திருப்ப வேண்டும். அவள் பத்தாவது வரை படித்தவள். அந்தக் கணக்கில் அவள் தடுமாறி நான் பார்த்ததில்லை.

தடுமாறியது மைதான். பளபளப்பான லேபிளில் மை சீக்கிரம் காயாது. கையில் எப்போதும் தூள் இருக்கும், வேர்வை இருக்கும். பாக்கெட்டைப் பெட்டியில் அடுக்குவதற்குள் எண்கள் ஈஷிக்கொள்ளும். ஒரு தடவை மதுரையில் ஒரு பெரிய கடையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. தேதி படிக்க முடியவில்லையாம்.

முதலாளி ஒரு பாக்கெட்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களைவிட இளையவர். என்னை அண்ணே என்றும் அவளை மதினி என்றும் கூப்பிடுவார்.

"இது மூணா எட்டா, மதினி?"

"எட்டுதான்."

"நமக்குத் தெரியும். காசு குடுத்து வாங்குறவனுக்குத் தெரியணும்ல."

அதற்குப் பிறகுதான் அந்த மெஷின் வந்தது. பார்க்கத் தராசு மாதிரிதான் இருந்தது. அகலமான எவர்சில்வர் தட்டு, அதன் பின்னால் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் எண்கள் தெரிகிற கண்ணாடி, பக்கத்தில் லேபிள் துப்புகிற வாய். மதுரையிலிருந்து வந்த மெஷின்காரர் மேஜையைத் தட்டி மட்டம் பார்த்து வைத்தார். எல்லோரையும் சுற்றி நிற்கச் சொன்னார்.

"கவர வச்சுத் தூளைப் போடுங்க. அரைக் கிலோ சரியா இருந்தா பச்சை லைட் எரியும், லேபிள் தானா வரும். பேக்கிங் தேதி, எக்ஸ்பைரி எல்லாம் அதுவே போட்டுக்கும். நீங்க சரக்கு நம்பரை மட்டும் அமுக்குனாப் போதும். எடை கூடுனாலோ குறைஞ்சாலோ சிவப்பு எரியும், கத்தும். லேபிள் வராது."

"தேதிய அதுக்கு யாரு சொல்லுவாக?" என்று கேட்டார் பாக்கெட் ஒட்டுகிற அக்கா. எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"உள்ளயே கடிகாரம் இருக்கும்மா."

"அமாவாசை தெரியுமா?"

"தெரியாது."

"அத எங்க முதலாளி பாத்துக்கிருவாரு. அன்னைக்கு மெஷினுக்கும் லீவுதான்."

முதலாளியும் சிரித்தார். மெஷின்காரர் போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, எடையும் தேதியும் ஒரே எடத்துல வந்துருச்சு. இனிமே இங்கன ஒரு ஆளுக்குத்தான் வேலை. யாரு இருக்கீகன்னு நீங்களே பேசிக்கிருங்க. நான் சொல்லி ஒருத்தர் மனசு கஷ்டப்படக் கூடாது."

எனக்கு அந்த இடம் வேண்டும். அது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனவன். ஆட்களிடம் பேச எனக்கு வராது. கடையில் விலை சொல்வதும் கணக்குச் சொல்வதும் மற்றவர்கள் வேலை. நான் தராசுக்குப் பின்னால் நிற்பேன். தராசுக்குப் பின்னால் நிற்கிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பார்கள். ஷெட்டிலும் அப்படியே கழிந்தது. அந்த இடம் போனால் ஊரில் கூலி வேலைதான். எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. மழை பெய்தால் மிளகாய் போடலாம். பெய்யாத நாட்களில் விடியற்காலம், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு ரோட்டில் போய் நின்று, இன்றைக்கு ஆள் வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். கேட்பது என்னால் முடியாத காரியம்.

அன்று வீட்டில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"நீங்க இருங்க. நான் ஆட்டப் பாத்துக்கிட்டு நூறு நாள் வேலைக்குப் போறேன்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சரின்னாச் சரிங்கணும், இல்லன்னா இல்லங்கணும். சோத்தையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி?"

அவளுக்கும் அந்த வேலை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஷெட்டில் நான்கு பெண்களோடு பேசிக்கொண்டு இருப்பாள். ஊரில் அவளுக்கு அந்த மாதிரிப் பேச்சுத் துணை கிடையாது. அதனால் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் முதலாளியிடம் அவள் போய், எங்களால் முடிவு பண்ண முடியவில்லை என்றாள். அவர், இரண்டு பேரும் மாற்றி மாற்றி மெஷினில் உட்காருங்கள், யாருக்குக் கை படிகிறதோ அவர் இருக்கட்டும் என்றார். மெஷினில் இல்லாதவர் பின்னால் மூட்டை பிரித்துத் தூள் அள்ளிக் கொடுக்க வேண்டும்.

முதலில் நான் உட்கார்ந்தேன். நம்பரை அமுக்கினேன், கவரை வைத்தேன், தூளைப் போட்டேன். எண்கள் ஓடி ஐந்நூறுக்குப் பக்கத்தில் வந்தன. சிவப்பு எரிந்து, மெஷின் பீ என்று ஒரே இழுப்பாகக் கத்தியது. ஷெட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு சிட்டிகையை எடுத்தேன். பச்சை எரிந்தது, லேபிள் வந்தது. அடுத்த பாக்கெட்டுக்கும் கத்தியது. அதற்கு அடுத்ததற்கும் கத்தியது.

"என்ன தம்பி, வாயில்லாத ஆளுக்கு வாயுள்ள மெஷினாப் பாத்துக் குடுத்துட்டாகளே!" என்றார் ஒட்டுகிற அக்கா.

காரணம் எனக்குத் தெரியும். பலசரக்குக் கடையில் தட்டுத் தராசு. சாமான் தட்டு, படிக்கல் தட்டைவிடக் கொஞ்சம் தாழ்ந்தால்தான் அது எடை. இரண்டு தட்டும் நேராக நின்றால் வாங்க வந்தவர் பையை விரிக்க மாட்டார், பேசாமல் நிற்பார். கடைசியாக ஒரு சிட்டிகை மேலே விழுந்ததும் பை விரியும். கொசுறு தனி, இது தனி. பிறகு எலெக்ட்ரானிக் தராசு வந்தது. அதில் ஐந்நூறு என்று காட்டியதற்கு அப்புறமும் என் விரல்கள் கொஞ்சம் போடும். அந்தத் தராசு கத்தாது என்பதால் யாரும் கவனிக்கவில்லை. இந்த மெஷின் கத்தியது. எடை சரியாக இல்லாத பாக்கெட்டுக்கு அது தேதி கொடுக்காது. தேதி இல்லாத பாக்கெட் ஷெட்டைவிட்டு வெளியே போகாது.

கையை நிறுத்திப் பார்த்தேன். நிறுத்த வேண்டும் என்று நினைப்பதற்குள் விரல் விரிந்துவிடும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்போது குறைந்துபோய் அதற்கும் கத்தியது. சாயங்காலம் வீட்டில், ஒரு கிண்ணத்தில் உப்பை வைத்து இரண்டு விரலால் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"தராசு இல்லாம என்னத்த நிறுத்துப் பழகுறீக?"

நான் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவள் உட்கார்ந்த நாளில் மெஷின் கத்தவே இல்லை. கரண்டியால் மெதுவாகச் சரிப்பாள், கடைசியில் இரண்டு விரலால் கொஞ்சம் போடுவாள், அங்கேயே நிறுத்திவிடுவாள். கிர்ர் என்று லேபிள் வரும். அதைக் கிழித்துக் கவரில் ஒட்டி அக்கா பக்கம் தள்ளுவாள். பளிச்சென்று எண்கள், பாக்கெட் போட்ட தேதி ஒரு வரியில், எக்ஸ்பைரி அடுத்த வரியில். விரலால் தேய்த்தாலும் ஈஷவில்லை.

வீட்டிலும் அவள் கை அப்படித்தான். படியில் அரிசி அளந்தால் தலைதட்டித்தான் அளப்பாள். கைமாற்றுக் கேட்டு வந்தவருக்கும் தலைதட்டித்தான், வீட்டு உலைக்கும் தலைதட்டித்தான். "அவ அளந்த எடத்துல எறும்புக்குக்கூட ஒண்ணும் கெடைக்காது" என்று என் கூடப்பிறந்த அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இவளும் அதைக் கேட்டிருக்கிறாள். அளப்பதை மாற்றவில்லை.

இப்படியே மாறி மாறிப் போயிற்று. என் நாட்களில் கத்தல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கத்தும்போதெல்லாம் கழுத்துக்குப் பின்னால் சுடும். அப்படியிருந்தும் அந்த நாற்காலியை விட மனம் வரவில்லை. ரோட்டில் நின்று வேலை கேட்பதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய ஒரு நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் கத்தியது. நான் பின்னால் மல்லி மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் கத்தியது. மூன்றாவது தடவைக்கு நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னத்தா, வீட்டுக்காரர் கை ஒனக்கும் ஒட்டிக்கிருச்சா?" என்றார் அக்கா.

"மெஷின் என்னமோ பண்ணுது" என்றாள் அவள்.

மெஷின் ஒன்றும் பண்ணவில்லை. நான் மூட்டைகளுக்கு இடையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. கரண்டியால் சரித்தாள், விரலால் போட்டாள், நிறுத்தினாள். பச்சை எரிய வேண்டிய நேரம். அப்போது இன்னும் கொஞ்சம் எடுத்து, வேண்டுமென்றே மேலே போட்டாள். மெஷின் கத்தியது. உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, போட்டதை ஒரு துளி மிச்சமில்லாமல் எடுத்தாள். வீணாகப் போடுவது அவளுக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் அடுத்த பாக்கெட்டுக்கும் போட்டாள்.

எனக்காகத்தான் போடுகிறாள் என்பது விளங்கியது. அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் பேசி முடிக்கிற வரை நின்றேன். நடுவில் இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"என்னண்ணே?"

"அவளே இருக்கட்டும்."

"எங்கன?"

"மெஷின்ல."

"மதினிகிட்டக் கேட்டீகளா?"

"இல்ல."

"கேக்காமயா சொல்லுறீக?"

"அவ கை சரியா இருக்கு. இன்னைக்குக் கத்துனத நீங்க கணக்குல எடுக்கக் கூடாது."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். "அதுவும் தெரியும்ணே. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

பஸ்ஸைவிட்டு இறங்கி ஊருக்கு நடக்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"உங்கள யாரு பேசச் சொன்னது? வருசத்துக்கு ஒருக்க வாயத் தொறக்கிறீக, அதையும் இதுக்குத்தானா தொறக்கணும்?"

"நீ ஏன் கூடப் போட்ட?"

"என்னத்தக் கூடப் போட்டேன்?"

ரோட்டோரக் கருவேலமரத்தில் யாரோ ஆட்டுக்குக் காய் உலுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

அடுத்த வாரம் விலக்கு ரோட்டில் போய் நின்றேன். முதல் நாள் எல்லோருக்கும் பின்னால் நின்றதால் யார் கண்ணிலும் படவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அதன் பிறகு முன்னால் நின்றேன். கேட்காமலே ஒருவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் வரப்பு வெட்டவும் களை எடுக்கவும் சொல்லியனுப்பினார்கள். நான் பயந்த அளவுக்கு இல்லை. பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது.

அவள் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். முன்பெல்லாம் புடவையில் மை இருக்கும். இப்போது கோணலாகக் கிழிந்த லேபிள் ஏதாவது முந்தானையில் ஒட்டிக்கொண்டு வரும். அதை வீட்டு டப்பாக்களில் ஒட்டி வைக்கிறாள். எங்கள் உப்பு டப்பாவில் மிளகாய்த் தூள், அரைக் கிலோ என்று இருக்கிறது. அதன் எக்ஸ்பைரி தேதி எப்போதோ முடிந்துவிட்டது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. குண்டு மிளகாய் போட்டேன். காய்ந்த மிளகாயை மூட்டை கட்டி, ஊர்க்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே ஷெட்டுக்குப் போனேன். மூட்டை எடை போடுகிற பெரிய தராசு வாசலோரம் இருந்தது. அதையும் இப்போது அவள்தான் பார்க்கிறாள். மூட்டையைத் தூக்கி வைத்தேன். எடையை உரக்கச் சொன்னாள். முதலாளி எழுதிக்கொண்டார். கடைசி மூட்டை எழுதி முடித்ததும், வழியில் சிந்துமே என்று தனியாகப் பையில் கொண்டுபோயிருந்த மிளகாயிலிருந்து ஒரு கை அள்ளி மூட்டையின் வாயில் வைத்தேன்.

"என்ன இது?" என்றாள்.

"இருக்கட்டும்."

"எடை எழுதியாச்சு."

"விடுங்க மதினி. அண்ணன் குடுக்கிறத ஏன் தடுக்கிறீக?" என்றார் முதலாளி.

"கூடக் கொறைய இருந்தா லேபிள் வராதுல்ல."

ஒட்டுகிற அக்கா உள்ளேயிருந்து, "புருசன்கிட்டயுமா கறாரு!" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தாள். நான் வைத்த மிளகாயை ஒன்று விடாமல் பொறுக்கி அதில் போட்டு முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோங்க. நான் சாயங்காலம் வாரேன்."

வண்டி முன்னாலேயே போய்விட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். துண்டிலிருந்து வந்த நெடியில் பக்கத்தில் இருந்தவர் அடுத்தடுத்துத் தும்மினார். முடிச்சை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.