ஒரு பக்கம் வெளுத்த பாய்

அந்த மாசியில் வாந்திபேதி என் மனைவியைக் கொண்டுபோயிற்று. நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை விட்டதும், பாளையங்கோட்டையில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடமிருந்து தப்பி ரயிலேறி, அம்பாசமுத்திரத்தில் ஆற்றோரம் ஒரு வீட்டில் தனியாகத் தங்கினேன். குளித்தேன், பொங்கித் தின்றேன், படுத்தேன். எதுவும் வலிக்கவில்லை.

ஒருநாள் காலையில் எங்கள் கல்யாணப் பாயை ஆற்றில் அலசிப் படித்துறையில் காயப்போட்டேன். ஓரத்துக்கு ஒன்றாக எங்கள் இருவர் பெயரையும் வைத்துப் பத்தமடையில் நெய்தது. அழுக்காகிவிடும் என்று அவள் அதை விரித்ததே இல்லை. அவள் போன பிறகு நான்தான் எடுத்துப் படுத்தேன்.

தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு நின்று பார்த்தாள்.

"அண்ணாச்சி, எப்பவும் ஒரே ஓரமாத்தான் படுக்கியளோ? இந்தப் பேரு வேர்வை பட்டு வெளுத்துப்போச்சு. அது அப்படியே செவப்பா இருக்கு பாருங்க. பாயத் திருப்பிப் போட்டுப் படுங்க."

வெளுத்தது என் பெயர். "சரிம்மா" என்றேன்.

மதியம் அவள் சொன்னபடியே தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டு, என் மனைவியின் பெயர்மேல் படுத்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. புரண்டு பார்த்தால், ஆளில்லாத பக்கத்தில் கிடந்தது என் பெயர்.

இருவரில் செத்தது யார் என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை.